கர்னல் டி சேரம்: ஆட்டக்காரர், ராணுவ அதிகாரி, கைதி



மலருக்குக் கட்டுரை என்றால் ஒரு பெரியவரைப் பற்றி எழுதி, 'அவரைப் போல நாமும் உயர்வோம்' என்று முடிப்பது நம் வழக்கம். காந்தி, காமராஜர், அப்துல் கலாம் என்று எல்லோரைப் பற்றியும் எழுதியாகிவிட்டது. இந்த முறை நான் எடுத்துக்கொண்ட ஆள் அந்த ரகம் இல்லை. நல்ல கிரிக்கெட் ஆட்டக்காரர். ராணுவத்தில் கர்னல். ஆக்ஸ்போர்டில் படித்தவர். இவ்வளவும் இருந்தும், 1962-ஆம் ஆண்டு ஒரு ராத்திரியில் தன் நாட்டு அரசாங்கத்தையே கவிழ்க்கத் திட்டம் போட்டார். மாட்டிக்கொண்டார். பத்து வருஷம் சிறைத் தண்டனை விழுந்தது. அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? அவர் மீறத் துணிந்த அதே சட்டம்தான் அவரைச் சிறையிலிருந்து வெளியே கொண்டு வந்தது.

அவர் இலங்கைக்காரர். பெயர் பிரெடெரிக் செசில் டி சேரம். நெருங்கியவர்களுக்கு 'டெரிக்'.

'கருணாபுரத்துக்காரனுக்குக் கொழும்புக் கதை எதுக்குய்யா?' என்று என் வகுப்புத் தோழர்கள் கேட்பது காதில் விழுகிறது. காரணம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், கடைசியில் நம்ம ஊருக்கே வந்து சேர்வோம்.

மட்டை பிடித்த கை

விளையாட்டுக்காரர்களுக்குச் சீருடை புதிது அல்ல. இந்தியாவின் முதல் டெஸ்ட் அணித் தலைவர் சி.கே. நாயுடு ஹோல்கர் சமஸ்தானப் படையில் கர்னல். கபில்தேவுக்கும் தோனிக்கும் நம் டெரிட்டோரியல் ஆர்மியில் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி கொடுத்தார்கள். 2007 டி20 உலகக் கோப்பை இறுதியில் கடைசி ஓவர் போட்ட ஜோகிந்தர் சர்மா ஹரியானா போலீஸில் டி.எஸ்.பி. ஆனார். ஆட்டத்தில் பெயர் எடுத்தவருக்குச் சீருடை ஒரு மரியாதை. டி சேரம் விஷயத்தில் அது வெறும் மரியாதையாக நிற்கவில்லை.

1912-ல் கொழும்பில், பெயர் பெற்ற வழக்கறிஞர் குடும்பத்தில் பிறந்தார். கொழும்பு ராயல் கல்லூரியில் படித்தார். (அங்கே பெயர்தான் கல்லூரி, நம் கணக்குக்கு அது பள்ளிக்கூடம்.) பிறகு ஆக்ஸ்போர்டில் கீபிள் கல்லூரி. 1934-ல் ஆக்ஸ்போர்டுக்காக ஆடிய முதல் முதல்தர ஆட்டத்திலேயே குளோஸ்டர்ஷயர் அணிக்கு எதிராக 176 ரன். அந்த வருஷம்தான் உட்ஃபுல் தலைமையில் ஆஸ்திரேலியர்கள் இங்கிலாந்துக்கு வந்திருந்தார்கள். பிராட்மன், ஓ'ரெய்லி, கிரிமெட் எல்லாரும் இருந்த சுற்றுப்பயணக் குழு. அந்த அணிக்கு எதிராக ஆக்ஸ்போர்டு எடுத்த 216-ல் டி சேரம் மட்டும் 128! அதற்கு அடுத்தபடியாக ஒருவர் எடுத்தது 16 ரன். இந்த ஒரு கணக்கே போதும், ஆள் யார் என்று சொல்ல. 1934, 1935 இரண்டு ஆண்டும் கேம்பிரிட்ஜுக்கு எதிரான ஆட்டத்தில் ஆடி 'புளூ' வாங்கினார்.

ஊர் திரும்பிய பிறகு வழக்கறிஞர் தொழில், கிரிக்கெட், ராணுவம் மூன்றும் ஒன்றாக ஓடின. 1949 முதல் 1954 வரை இலங்கை அணிக்குத் தலைமை தாங்கினார். அப்போது இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடையாது. கப்பலில் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகிற அணிகள் வழியில் கொழும்பில் இறங்கி ஆடிவிட்டுப் போகும். 1953-ல் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே கோபாலன் கோப்பைப் போட்டி தொடங்கியது. நம் ஊர்ப் பெரியவர்கள் சேப்பாக்கத்தில் இலங்கை அணியைப் பார்த்தது அந்தப் போட்டிகளில்தான்.

அமெச்சூர் என்ற சொல்

இந்த இடத்தில் மாணவர்களுக்கு ஒரு சொல்லை விளக்க வேண்டும். 'அமெச்சூர்' என்றால் இன்று அரைகுறை என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிறோம். அந்தக் காலத்து ஆங்கிலக் கிரிக்கெட்டில் அது ஒரு சாதி மாதிரி. சம்பளம் வாங்காமல் ஆடுகிறவர் 'ஜென்டில்மேன்'. சம்பளத்துக்கு ஆடுகிறவர் வெறும் 'பிளேயர்'. மைதானத்துக்குள் நுழைகிற வாசல்கூடப் பல இடங்களில் வேறு வேறு. பிளேயர் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் தலைவன் ஜென்டில்மேன்தான். இங்கிலாந்து அணிக்கு ஒரு சம்பளக்காரர், லென் ஹட்டன், தலைவராக வந்ததே 1952-ல்தான். இந்தப் பாகுபாட்டை இங்கிலாந்துக்காரர்கள் ஒரேயடியாக ஒழித்தது 1962-ல். அதாவது, டி சேரம் கைதான அதே வருஷம். இது தற்செயல்தான். ஆனாலும் எனக்கு அதில் ஒரு பொருத்தம் தெரிகிறது.

தலைமை தாங்குவது தனக்குப் பிறப்பிலேயே வந்தது, அதற்கு யாரும் ஓட்டுப் போட வேண்டியதில்லை என்பதுதான் அந்த அமெச்சூர் உலகத்தின் உள்மனசு. கொழும்பில் ஆங்கிலத்தில் படித்து, கிளப்புகளில் வளர்ந்து, உயர் உத்தியோகங்களில் உட்கார்ந்த ஒரு சிறு கூட்டத்துக்கும் அதே நினைப்பு இருந்தது.

டி சேரத்தின் ராணுவமும் அமெச்சூர் ராணுவம்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பீரங்கிப் படையில் இருந்தவர், படிப்படியாக உயர்ந்து கர்னல் ஆனார். 1962-ல் இலங்கைத் தொண்டர் படையின் துணைத் தளபதி. நம் டெரிட்டோரியல் ஆர்மி போல, வக்கீல், தோட்டத் துரை, குமாஸ்தா என்று வேறு வேலை பார்க்கிறவர்கள் பகுதி நேரமாகச் சேரும் படை அது.

நாடு மாறியது

1948-ல் இலங்கை சுதந்திரம் அடைந்தபோது அதிகாரம் இந்தக் கூட்டத்தின் கையில்தான் வந்து விழுந்தது. 1956-ல் காற்று திரும்பியது. எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க கிராமத்துச் சிங்களவர் ஓட்டில் ஆட்சிக்கு வந்து, சிங்களம் மட்டும் சட்டத்தைக் கொண்டு வந்தார். 1958-ல் தமிழர்கள் மீது பெரிய கலவரம். 1959 செப்டம்பரில் பண்டாரநாயக்க சுட்டுக் கொல்லப்பட்டார். 1960 ஜூலையில் அவர் மனைவி சிறிமாவோ உலகின் முதல் பெண் பிரதமர் ஆனார். 1961-ல் செல்வநாயகம் தலைமையில் வடக்கு, கிழக்கில் தமிழர்கள் சத்தியாகிரகம் செய்தார்கள். ஏப்ரலில் அவசர நிலை போட்டு ராணுவத்தை விட்டு அடக்கினார்கள். கிறிஸ்தவ சபைகள் நடத்திய பள்ளிகளில் பெரும்பாலானவற்றை அரசு எடுத்துக்கொண்டது. எங்கே பார்த்தாலும் வேலைநிறுத்தம்.

ராணுவம், கடற்படை, காவல் துறை மூன்றிலும் மேல் அதிகாரிகள் பெரும்பாலும் பழைய ஆங்கிலப் பள்ளி மாணவர்கள். அவர்களில் கிறிஸ்தவர்கள் அதிகம். சிங்களவர், தமிழர், பறங்கியர் எல்லாரும் கலந்து இருந்தார்கள். தங்கள் நாடு தங்கள் கையை விட்டுப் போகிறது என்ற பயம் அவர்களைப் பிடித்துக்கொண்டது. அண்டை நாடுகளில் என்ன நடக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். 1958-ல் பாகிஸ்தானில் அயூப்கான் ஆட்சியைப் பிடித்திருந்தார். பர்மாவில் 1962 மார்ச்சில் நெ வின் பிடித்தார். கொழும்பில் நடந்தது இந்த இரண்டுக்கும் நடுவில்.

காவல் துறைத் தலைவர் நாற்காலி

அங்கே காவல் துறையின் தலைவரைப் பொலிஸ் மா அதிபர் என்பார்கள். நம் ஊர் டி.ஜி.பி. மாதிரி. 1959-ல் பண்டாரநாயக்க, துறைக்குள்ளேயே வளர்ந்த ஒஸ்மண்ட் டி சில்வாவை ஓய்வில் அனுப்பிவிட்டு, காவல் துறையில் வேலையே பார்த்திராத சிவில் அதிகாரி வால்டர் அபேகோனை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். வரிசையில் காத்திருந்த மூத்த டி.ஐ.ஜி.க்களுக்கு மனசு எரிந்தது. அவர்களில் ஒருவர் சி.சி. திசாநாயக்க. 'ஜங்கிள்' என்பது அவருக்குப் பட்டப்பெயர். இன்னொருவர் சிட்னி டி சொய்சா.

அரசியல்வாதி காவல் துறைத் தலைவரைத் தன் இஷ்டத்துக்கு மாற்றுவது கெட்ட பழக்கம். இதில் அந்த அதிகாரிகளுக்கு உண்மையான மனக்குறை இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மனக்குறை உண்மையாக இருந்தால் அதற்காகச் செய்வதெல்லாம் சரி என்று ஆகிவிடுமா? அங்கேதான் பிரச்சினை.

ஜனவரி 27

1962 ஜனவரி 27, சனிக்கிழமை இரவு நாள் குறித்தார்கள். ராணுவப் பக்கம் டி சேரம், தொண்டர் படைத் தளபதி மொரிஸ் டி மெல். கடற்படையிலிருந்து நீக்கப்பட்ட அவர் சகோதரர் ரொய்ஸ் டி மெல்லும் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர். காவல் துறைப் பக்கம் திசாநாயக்கவும், அதற்குள் ஓய்வு பெற்றிருந்த டி சொய்சாவும். அமைச்சர்களையும் சில உயர் அதிகாரிகளையும் இரவோடு இரவாகக் கைது செய்வது, தந்தி அலுவலகம் போன்ற இடங்களைப் பிடிப்பது, நகரில் ஊரடங்கு போடுவது என்று திட்டம். ரத்தம் சிந்தாமல் முடித்துவிடலாம் என்று நினைத்தார்கள்.

கொழும்பில் போலீஸ் சூப்பிரின்டென்டன்டாக இருந்த ஸ்டான்லி சேனாநாயக்கவிடம் விஷயம் வந்தது. மேலதிகாரி சொல்கிறார், துறையில் கூடவே வளர்ந்தவர்கள் கேட்கிறார்கள். அவர் உடன்படவில்லை. அவருடைய மாமனார் பி. டி எஸ். குலரத்ன, ஆனந்தா கல்லூரியின் முன்னாள் முதல்வர், நாடாளுமன்ற உறுப்பினர். அவர் மூலமாகச் செய்தி அரசுக்குப் போனது. ராத்திரி விடிவதற்குள் எல்லாம் முடிந்தது. ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை.

விசாரணையை முன்னின்று நடத்திய அமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கவும் ராயல் கல்லூரி மாணவர்தான்! ஒரே பள்ளிக்கூடம், ஒரே பழைய மாணவர் சங்கம். ஒருவர் கேள்வி கேட்கிறார், ஒருவர் கைதி. இன்னும் கேளுங்கள். கைதான 'ஜங்கிள்' திசாநாயக்கவின் சகோதரர் எஸ்.ஏ. திசாநாயக்கவும் போலீஸ் அதிகாரி. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 1963-ல், அவர் பொலிஸ் மா அதிபர் ஆனார். ஒரு சகோதரர் சிறையில், மற்றவர் அந்தத் துறையின் தலைவர் நாற்காலியில். சினிமாவில் எடுத்தால் 'ரொம்ப ஓவர்' என்று சொல்லுவோம்.

பின்னாளில் அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஹோரோவிட்ஸ் சம்பந்தப்பட்டவர்களைச் சந்தித்துப் பேசி, அவர்கள் ஏன் இதில் இறங்கினார்கள் என்பதைப் பற்றி 1980-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

ஆட்களைப் பார்த்துத் தைத்த சட்டம்

இதுவரை சொன்னது டி சேரம் கூட்டத்தின் குற்றம். இனி அரசாங்கம் செய்ததைப் பார்ப்போம். என் கட்டுரையின் உயிர்நாடி இதுதான்.

நாட்டுக்கு எதிரான சதிக்கு ஏற்கெனவே தண்டனைச் சட்டம் இருந்தது. அது போதாது என்று அரசு நினைத்தது. கைது நடந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை, மார்ச் மாதம் ஒரு புதுச் சட்டம் வந்தது. 1962-ஆம் ஆண்டின் 1-ஆம் எண் குற்றவியல் சட்டம் (சிறப்பு ஏற்பாடுகள்). அதில் என்னென்ன இருந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று, சட்டம் மார்ச்சில் வந்தாலும் ஜனவரி 1-லிருந்து அமலுக்கு வந்ததாகக் கொள்ள வேண்டும். இரண்டு, வாரண்ட் இல்லாமல் பிடித்து வைத்தது எல்லாம் பின்தேதியிட்டுச் செல்லும். மூன்று, போலீஸ் காவலில் கொடுத்த வாக்குமூலம் போன்ற, சாதாரண வழக்கில் ஏற்காத சாட்சியங்களையும் ஏற்கலாம். நான்கு, ஜூரி கிடையாது. மூன்று நீதிபதிகள் விசாரிப்பார்கள். அந்த மூவரையும் நீதி அமைச்சரே பெயர் சொல்லி நியமிப்பார். ஐந்து, குற்றம் நிரூபணமானால் குறைந்தது பத்து வருஷம், சொத்துப் பறிமுதல். ஆறு, இந்த ஏற்பாடெல்லாம் ஜனவரி 27-ஐ ஒட்டி நடந்த சதியில் சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டும்தான். அவர்கள் வழக்கு முடிந்ததும் சட்டமும் முடிந்துவிடும்.

அதாவது, பொதுவான சட்டத்தை எடுத்து வந்து இவர்கள் மேல் போடவில்லை. இவர்களை நிற்க வைத்து அளவெடுத்துச் சட்டத்தைத் தைத்தார்கள்.

முதலில் நியமிக்கப்பட்ட மூவர் டி.எஸ். பெர்னாண்டோ, எல்.பி. டி சில்வா, பி. ஸ்ரீஸ்கந்தராஜா. 1962 அக்டோபரில் அந்த மூவரும் சொன்னது என்ன தெரியுமா? 'எங்களை அமைச்சர் நியமித்தது செல்லாது, ஆகவே எங்களுக்கு இந்த வழக்கை விசாரிக்க அதிகாரம் இல்லை' என்று தாங்களே விலகிக்கொண்டார்கள். நியமித்தவருக்கு நன்றியாக நடந்துகொள்ளாமல் சட்டத்துக்கு நன்றியாக நடந்துகொண்ட நீதிபதிகள்! உடனே சட்டத்தைத் திருத்தி, நியமிக்கும் அதிகாரத்தைத் தலைமை நீதிபதிக்கு மாற்றினார்கள். இரண்டாவது அமர்வும் நிற்கவில்லை. அதில் ஒரு நீதிபதி முன்பு அரசின் சட்டத் துறையில் இருந்தபோது இந்த விசாரணையில் உதவியவர் என்று தெரிந்தது. மூன்றாவது அமர்வுதான் வழக்கை நடத்தி முடித்தது. நீதிமன்றம் கூடிய நாட்கள் மட்டும் 300-க்கு மேல்.

1965 ஏப்ரலில் தீர்ப்பு. 24 பேரில் 11 பேர் குற்றவாளிகள். டி சேரமும் திசாநாயக்கவும் அந்தப் பதினொன்றில் அடக்கம். தலைக்குப் பத்து வருஷம். தண்டனை கொடுத்த நீதிபதிகளே, சம்பவம் நடந்த பிறகு தண்டனையை மாற்றி எழுதி, அளவைக் குறைக்கும் உரிமையையும் இந்தச் சட்டம் தங்களிடமிருந்து பறித்துவிட்டது என்று தீர்ப்பில் குறிப்பிட்டார்கள்.

லண்டனிலிருந்து வந்த விடுதலை

அப்போது இலங்கையின் கடைசி மேல்முறையீடு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில். (நாம் 1949-லேயே அந்த உறவை முடித்துக்கொண்டோம்.) பதினொரு பேரும் அங்கே போனார்கள். முதல் பெயர் டக்ளஸ் லியனகே என்ற சிவில் அதிகாரியுடையது என்பதால் 'லியனகே வழக்கு' என்றே சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

1965 டிசம்பரில் பியர்ஸ் பிரபு தீர்ப்பைச் சொன்னார். சாரம் இதுதான்: சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை, ஒரு ஆள் குற்றவாளியா, அவனுக்கு என்ன தண்டனை என்று முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை. குறிப்பிட்ட சில பேரைத் தண்டித்தே ஆக வேண்டும் என்று அவர்களை மனதில் வைத்துச் சட்டம் போட்டால், அது நாடாளுமன்றமே நீதிபதி நாற்காலியில் ஏறி உட்கார்வதற்குச் சமம். இலங்கை அரசியலமைப்பு அதை அனுமதிக்கவில்லை. சட்டம் செல்லாது. தண்டனையும் செல்லாது.

கவனியுங்கள்: 'இவர்கள் நிரபராதிகள்' என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. 'இவர்களைத் தண்டித்த வழி தவறு' என்று சொன்னது. நான்கு வருஷம் கழித்து டி சேரம் வீட்டுக்குப் போனார். ஜனவரி 27 ராத்திரி அவர் ஜெயித்திருந்தால், அவரைத் தட்டிக் கேட்க ஒரு நீதிமன்றம் நாட்டில் மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம். அவர் தோற்றதால்தான் அவருக்கு நியாயம் கிடைத்தது!

கதையில் வருகிற மற்றவர்கள்? உடன்பட மறுத்த ஸ்டான்லி சேனாநாயக்க 1970-ல் பொலிஸ் மா அதிபர் ஆகி 1978 வரை இருந்தார். இலங்கை 1971-ல் பிரிவி கவுன்சில் மேல்முறையீட்டை நிறுத்தியது. 1972-ல் குடியரசு ஆனது. 1982 பிப்ரவரியில் இலங்கை தன் முதல் டெஸ்ட் போட்டியைக் கொழும்பில் ஆடியது. அதற்கு அடுத்த வருஷம், 1983-ல், டி சேரம் காலமானார்.

இனி நம்ம ஊர்

2024 ஜூன் மாதம் எங்கள் கருணாபுரத்தில் நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. மெத்தனால் கலந்த சாராயம். 60-க்கும் மேற்பட்ட உயிர்கள். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் பந்தல். எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று தெரியாமல் நின்ற நாட்கள் அவை. தகப்பனும் தாயும் சேர்ந்து போன பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

மாவட்டக் கண்காணிப்பாளர் இடைநீக்கம், ஆட்சியர் மாற்றம் எல்லாம் நடந்தது. ஜூன் 29 அன்று சட்டசபை மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தியது. உயிர் போகும் அளவுக்கு விஷச் சாராயம் விற்றவருக்கு ஆயுள் சிறை, 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். நல்ல திருத்தம். நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது.

அந்த நாட்களில் நம் கல்லூரியில் படிக்கும் ஒரு பையன் என்னிடம் கேட்டான். அவன் வீட்டிலும் ஒரு சாவு. "ஏன் சார், இப்பதான் ஆயுள் தண்டனைன்னு சட்டம் வந்துடுச்சே. எங்க சித்தப்பாவ சாகடிச்சவனுக்கு அத குடுக்க மாட்டாங்களாமே? அப்பறம் யாருக்கு சார் அந்தச் சட்டம்?"

நியாயமான கோபம். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். நம் அரசியலமைப்பின் 20-ஆவது பிரிவின் முதல் உட்பிரிவு சொல்கிறது: ஒருவன் குற்றம் செய்த அன்று எந்தச் சட்டம் இருந்ததோ, அந்தச் சட்டப்படிதான் அவனைத் தண்டிக்கலாம். அன்றைக்கு இருந்த தண்டனையை விட அதிகமாகக் கொடுக்க முடியாது. ஜூன் 29 திருத்தம் அதற்குப் பிறகு செய்கிற குற்றத்துக்குத்தான். ஜூன் மாதத்துச் சாவுகளுக்கு அன்று இருந்த மதுவிலக்குச் சட்டமும் அன்று இருந்த இந்தியத் தண்டனைச் சட்டமும்தான் பேசும். ஜூலை 1-ல் வந்த புதுச் சட்டமும்கூடப் பேசாது. பழைய தண்டனைச் சட்டத்திலேயே உயிர்ப்பலிக்குக் கடுமையான தண்டனைகள் இருக்கின்றன. அவற்றை ஒழுங்காக நிரூபித்தால் போதும்.

இலங்கையின் அன்றைய அரசியலமைப்பில் இப்படி ஒரு பிரிவு இல்லை. அதனால்தான் பின்தேதியிட்ட சட்டம் போட அங்கே துணிந்தார்கள். அதைச் செல்லாததாக்க லண்டன் வரை போக வேண்டி வந்தது. இதற்கிடையில் நான்கு வருஷம் போயிற்று. உண்மையிலேயே சதி செய்தவர்கள் தண்டனை இல்லாமல் வெளியே வந்தார்கள். இதை மனதில் வையுங்கள், தம்பிகளே. கோபத்தில் வளைத்த சட்டம் குற்றவாளிக்குத்தான் கடைசியில் உதவியது. பழைய சட்டப்படி ஒழுங்காக வழக்கு நடத்தியிருந்தால் அந்தத் தண்டனை ஒருவேளை நின்றிருக்கும்.

"அப்ப ஒழுங்கா நடத்தச் சொல்லுங்க சார்" என்றான் அவன். அதைத்தான் நாம் எல்லோரும் கேட்க வேண்டும். புதுச் சட்டம் கேட்பது சுலபம். இருக்கிற சட்டத்தை, குற்றம் நடப்பதற்கு முன்னால், கல்வராயன் மலை அடிவாரத்திலும் ஊருக்கு நடுவிலும் தினமும் ஒழுங்காக நடத்தச் சொல்வதுதான் கஷ்டம்.

பழைய மாணவர்களாகிய நமக்கு

கடைசியாக ஒன்று. இது பழைய மாணவர் மலர். நாமெல்லாம் ஏன் வருஷம் தவறாமல் கூடுகிறோம்? ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பாசம். அந்தப் பாசத்தால் கிடைக்கும் நன்மை கொஞ்சமல்ல. ஒருவர் பிள்ளைக்கு வேலை, ஒருவர் வீட்டுக்கு ஆஸ்பத்திரி உதவி, ஒரு ஏழை மாணவனுக்குக் கட்டணம். இதில் எனக்குப் பெருமைதான்.

ஆனால் நம்மில் பலர் இன்று அதிகாரிகள். போலீஸில் இருக்கிறார்கள், வருவாய்த் துறையில் இருக்கிறார்கள், நீதிமன்றத்தில் இருக்கிறார்கள். 'நம்ம பையன்தான், பாத்துக்குவான்' என்று ஒரு போன் போட்டால் போதும் என்ற நிலை வருகிறபோது, ஜனவரி 27 ராத்திரி கொழும்பில் இருந்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களும் படித்தவர்கள்தான். ஒன்றாக ஆடியவர்கள், ஒன்றாகச் சாப்பிட்டவர்கள். நாட்டை விட நம் வட்டம் பெரியது என்று அவர்களுக்குத் தோன்றியது. சாராயக் கடையைக் கண்டும் காணாமல் போகச் சொல்லும் போனும் அந்த நினைப்பிலிருந்து வருவதுதான். அளவில்தான் சின்னது.

டி சேரம் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக எடுத்த 128-ஐ நான் ரசிக்கிறேன். அந்த ஆட்டத்தில் நடுவர் விரலைத் தூக்கியபோது மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே நடந்திருப்பார். கிரிக்கெட்டில் அது எல்லோருக்கும் பழக்கம். மக்கள் ஓட்டுப் போட்டு விரலைத் தூக்கினாலும் அதே மாதிரி நடந்து வெளியே வரத் தெரிய வேண்டும். அதை அவர் கற்கவில்லை. அவரைப் பிடித்த அரசாங்கம், ஆட்டம் முடிந்த பிறகு விதியை மாற்றக் கூடாது என்பதைக் கற்கவில்லை. இந்தக் கதையில் எனக்குப் பிடித்தவர்கள், உடன்பட மறுத்த அந்தப் போலீஸ் அதிகாரியும், தங்களுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லி எழுந்து போன அந்த மூன்று நீதிபதிகளும்தான்.

இந்த வருஷம் படிப்பை முடித்து யூனிபாரம் போடப்போகும், கறுப்புக் கோட்டு மாட்டப்போகும் தம்பி தங்கைகளுக்கு என் வாழ்த்துகள். உங்கள் பெயரை மலரில் போட்டு நாங்கள் பெருமைப்படுவோம். போன் வந்தால் மட்டும், யார் பேசுகிறார் என்று பார்க்காமல், சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் சங்கம்!